ஆஞ்சியோ நார்மல், அப்புறம் எதற்கு பேஸ்மேக்கர்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71. சர்க்கரை கிடையாது, சிகரெட் பழக்கம் இல்லை. ஒரு மாதமாகப் படியேறினால் தலை கிறுகிறுக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து கிளினிக்கில் பிரஷர் 180/70 இருக்கிறது என்று மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள். போன வாரம் பாத்ரூமில் கண் இருட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் நாடித் துடிப்பு 36, கம்ப்ளீட் ஹார்ட் பிளாக், பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்றார்கள். ஆனால் எக்கோ நார்மல், ஆஞ்சியோவிலும் அடைப்பு இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்தி ஐந்து நாள் பார்த்தார்கள், துடிப்பு ஏறவில்லை. ஆடி முடியட்டும் என்று பெரியப்பா சொன்னதால் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். ஆமைக்கு இதயம் மெதுவாகத்தான் துடிக்கிறது, அதனால்தான் அது நூறு வருஷம் வாழ்கிறது, குறைவாகத் துடித்தால் நல்லதுதானே என்கிறார் அவர். அப்பாவுக்குக் கழுத்தில் அவ்வப்போது குபுக்கென்று எதுவோ அடிக்கிறதாம். மாத்திரையில் சரியாகாதா? மெஷின் வைத்தால் இனி அவர் இதயத்தை அதுதான் ஓட்டுமா? எனக்கு வயது 34, தினமும் ஷட்டில் ஆடுகிறேன். என் வாட்ச்சில் தூங்கும்போது 48 காட்டுகிறது. எனக்கும் இது வருமா? ஈ.சி.ஜி. போட்டோ இணைத்திருக்கிறேன். (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: விளக்கமெல்லாம் பிறகு. முதலில் அப்பாவை இன்றைக்கே திரும்ப ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். வண்டியை அவர் ஓட்டக்கூடாது, போகிறவரை பாத்ரூம் கதவை உள்ளே தாழ்ப்பாள் போடவும் கூடாது. ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற ஊர்க்காரர்கள்தானே நாம், விதைக்கலாம் ஆனால் வைத்தியம் பார்க்கக்கூடாது என்றால் என்ன நியாயம்? பெரியப்பா மேல் எனக்குக் கோபமில்லை, அவர் பயத்தில் சொல்கிறார். ஆனால் ஒரு தடவை கண் இருட்டி உட்கார்ந்தவர் அடுத்த தடவை உட்காராமல் விழலாம், விழுந்தவர் எழாமலும் போகலாம். கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்கில் நாள் பார்க்க நேரம் கிடையாது.

சரி, போகிற வழியில் படியுங்கள்.

உங்கள் கேள்வியின் மையம் 'எக்கோ நார்மல், ஆஞ்சியோ நார்மல், அப்புறம் என்ன கோளாறு' என்பதுதான். வாரத்தில் இரண்டு பேராவது என்னிடம் கேட்பது இது. எக்கோ பார்ப்பது பம்ப்பை, ஆஞ்சியோ பார்ப்பது அந்த பம்ப்புக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய்களை. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, கரண்ட் லைன். மோட்டார் புதுசு போல இருக்கலாம், பைப்பில் துருவே இல்லாமல் இருக்கலாம், ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்கு வருகிற வயர் அறுந்துவிட்டால் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுமா? அப்பாவுக்கு நடந்திருப்பது அதுதான்.

இதயத்துக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்றால், மூளையிலிருந்து என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். இல்லை. கறிக்கடையில் கோழியை வெட்டி, உள்ளிருப்பதை எடுத்துத் தட்டில் போட்ட பிறகும் அதன் இதயம் கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு மூளையும் இல்லை, நரம்பும் இல்லை, தன் சொந்தக் கரண்ட்டில் துடிக்கிறது. மனித இதயத்தில் அந்தக் கரண்ட் பிறக்கும் இடம் வலது மேலறையின் உச்சியில், உடம்பின் மேற்பாதியிலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாய் வந்து சேருகிற முனையில் இருக்கிறது. ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும், பிறை வடிவம், பெயர் எஸ்.ஏ. நோடு. 1906 கோடையில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், ஆர்தர் கீத் என்ற உடற்கூறு ஆய்வாளர் மனைவியோடு சைக்கிளில் போய்விட்டு வீடு திரும்பியபோது, அவரோடு வேலை செய்த மார்ட்டின் ஃபிளாக் என்ற மருத்துவ மாணவர் மைக்ரோஸ்கோப்பில் ஒரு மண் தோண்டும் அகழெலியின் இதயத்தில் இதைப் பார்த்துவிட்டுக் காத்திருந்தாராம். நாம் மருத்துவக் கல்லூரியில் மனப்பாடம் செய்கிற கீத்–ஃபிளாக் நோடு கிடைத்தது அந்த எலியிடம்தான்.

இந்த நோடில் இருக்கும் செல்கள் என்ன செய்கின்றன என்பதற்குக் குழாயடியில் வைத்த குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சோடியம் அயனிகள் சொட்டுச் சொட்டாக உள்ளே கசிந்துகொண்டே இருக்கின்றன, குடம் மெல்ல நிறைகிறது, விளிம்பு வந்ததும் ஒரேயடியாக வழிந்து காலியாகிறது, மறுபடி நிறையத் தொடங்குகிறது. ஒவ்வொரு வழிதலும் ஒரு துடிப்பு. மற்ற செல்கள் யாராவது தட்டினால்தான் எழும், இவை தாமாகவே எழுகின்றன. இந்தக் கசிவுக்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயர் ஃபன்னி கரண்ட். வேடிக்கையாக நடந்துகொள்கிறதே என்று நிஜமாகவே அப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள், இன்றுவரை அதே பெயர்தான்.

அப்படியானால் மூளைக்கு என்ன வேலை? குழாயைத் திருகுகிற வேலை. பயந்தாலோ ஓடினாலோ சிம்பதெட்டிக் நரம்பும் அட்ரினலினும் குழாயைக் கூடத் திறந்துவிடுகின்றன, குடம் சீக்கிரம் நிறைகிறது, துடிப்பு ஏறுகிறது. வேகஸ் நரம்பு இதற்கு நேரெதிர், குழாயைக் குறைப்பதோடு நிற்காமல் குடத்தின் அடியில் ஒரு சின்ன ஓட்டையும் போட்டுவிடும். பொட்டாசியம் அதன் வழியாக வெளியே போவதால் குடம் நிறைய நேரமாகிறது. இரண்டு நரம்பும் இல்லாமல் தன் போக்கில் விட்டால் இளைஞர் ஒருவரின் எஸ்.ஏ. நோடு நிமிடத்துக்கு நூறு அளவில் அடிக்கும். இதய மாற்று செய்துகொண்டவர்களிடம் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம், நரம்புகள் அறுபட்ட நிலையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 90, 100 என்று இருக்கும். அதாவது நமக்கு ஓய்வில் 70 இருப்பதே வேகஸ் பிரேக்கில் கால் வைத்திருப்பதால்தான். உங்களுடைய 48-க்கும் இதில்தான் பதில் இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

இப்போது வயர். மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவில் நார்த்திசுவால் ஆன ஒரு தடுப்பு இருக்கிறது, அதில் கரண்ட் பாயாது. ஒரே ஒரு இடத்தில்தான் வழி உண்டு. அந்த வாசலில் காவல்காரர் மாதிரி உட்கார்ந்திருப்பது ஏ.வி. நோடு, மிளகளவுதான் இருக்கும். அதை 1906-இல் துல்லியமாக வரைந்து காட்டியவர் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் வேலை செய்த ஜப்பானிய இளைஞர் சுனாவோ தவாரா. அங்கே கரண்ட் வேண்டுமென்றே தாமதிக்கிறது, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விநாடி. ஏன் என்றால், மேலறை தன் ரத்தத்தைக் கீழறைக்குள் கடைசிச் சொட்டு வரை தள்ளி முடிக்க நேரம் வேண்டும், இரண்டும் ஒன்றாகச் சுருங்கினால் எந்தப் பயனும் இல்லை. வாசலைத் தாண்டியதும் 1893-இல் வில்ஹெல்ம் ஹிஸ் கண்டுபிடித்த ஹிஸ் கற்றை, பிறகு வலது கிளை, இடது கிளை, அப்புறம் புர்கின்ஜி இழைகள். மரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தது போலக் கீழறை முழுக்கப் பரவுகின்றன. ஏ.வி. நோடில் நத்தையாக நகர்ந்த கரண்ட் இந்த இழைகளில் விநாடிக்கு 2 முதல் 4 மீட்டர் வேகத்தில் பாய்கிறது, அதனால்தான் கீழறையின் எல்லாப் பக்கமும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் சுருங்கி ஈரத் துணியைப் பிழிவது போல ரத்தத்தை மேலே தள்ளுகிறது.

அப்பாவுக்கு அறுந்திருப்பது இந்த வாசலுக்கு அருகிலோ சற்றுக் கீழேயோ. ஈ.சி.ஜி. போட்டோவை எடுங்கள், கூடவே ஒரு வெள்ளைத் தாள். தாளின் ஓரத்தை ஈ.சி.ஜி.யின் அடியில் ஓடும் நீளமான வரியில் வைத்து, சின்னச் சின்ன மேடாக வருகிறதே, அந்த பி அலைகளில் அடுத்தடுத்த மூன்றுக்கு நேராகப் பேனாவால் கோடு போடுங்கள். தாளை அப்படியே வலப்பக்கம் நகர்த்துங்கள். அதே இடைவெளியில் பி அலைகள் தவறாமல் வந்துகொண்டே இருக்கும், சிலது உயரமான கூம்புகளுக்குள் ஒளிந்திருக்கும். இரண்டு பி அலைகளுக்கு நடுவில் மூன்றரைப் பெரிய கட்டத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கிறது. 300-ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்தால் 83 வரும். இப்போது உயரமான கூம்புகளுக்கு இதையே செய்யுங்கள், எட்டுக் கட்டத்துக்குச் சற்று மேல், அதாவது 36. மேலே 83, கீழே 36, இரண்டும் தத்தம் போக்கில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் ஓடுகின்றன. மாடியில் இருப்பவர் நிமிடத்துக்கு 83 முறை கூப்பிடுகிறார், கீழே இருப்பவருக்கு ஒரு தடவைகூடக் காதில் விழவில்லை.

பிறகு கீழறை எப்படித்தான் துடிக்கிறது? வயரின் ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு ஸ்பேர் குடம் வைக்கப்பட்டிருக்கிறது. எஸ்.ஏ. நோடு 60 முதல் 100, ஏ.வி. நோடைச் சுற்றி இருப்பவை 40 முதல் 60, கீழறைக்குள் இருப்பவை 20 முதல் 40. சாதாரண நாட்களில் மேல்குடம் முதலில் வழிந்து கீழ்க்குடங்களையும் கவிழ்த்துவிடுவதால் அவை நிறைய வாய்ப்பே கிடைப்பதில்லை. வயர் அறுந்ததும் கீழே உள்ளது தனக்கென்று நிறையத் தொடங்குகிறது. இதில் ஒரு சிக்கல், வாழ்நாளெல்லாம் அடங்கிக் கிடந்தது உடனே எழாது, சில விநாடி திகைத்து நின்றுவிட்டுத்தான் எழும். வயர் விட்டுவிட்டு அறுகிற காலத்தில் அந்தச் சில விநாடிதான் கண் இருட்டுவது, விழுவது எல்லாம். அப்பாவின் கூம்புகள் நாலு சின்னக் கட்டம் அகலம் இருக்கின்றன, மூன்றுக்குள் இருந்திருக்க வேண்டும். அப்படியென்றால் அவரை இப்போது காப்பாற்றிக்கொண்டிருப்பது ஆகக் கடைசிக் குடம். அதை நம்பி ஒரு ராத்திரிகூட எனக்குத் தூக்கம் வராது.

கழுத்தில் குபுக்கென்று அடிப்பதும் இதே கதைதான். 83-உம் 36-உம் தனித்தனியே ஓடும்போது எப்போதாவது மேலறையும் கீழறையும் ஒரே நொடியில் சுருங்கிவிடும், நடுவில் வால்வு மூடியிருக்கும், மேலறை தள்ளிய ரத்தம் போக வழியில்லாமல் கழுத்துச் சிரைக்குள் திரும்பி எகிறும். இதற்கு எங்கள் பாஷையில் பீரங்கி அலை என்று பெயர். உங்கள் அப்பா அதைத் தானே கவனித்துச் சொல்லியிருக்கிறார், நல்ல கவனம்.

அந்த 180/70 பிரஷர் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் நீண்ட நேரம் கிடைப்பதால் கீழறை வழக்கத்தைவிட அதிகம் நிறைகிறது, ஒவ்வொரு அடியிலும் அதிகம் வெளியேற்றுகிறது, அதனால் மேல் எண் ஏறுகிறது, அடுத்த அடி வர நேரமாவதால் கீழ் எண் இறங்குகிறது. பிரஷர் மெஷினில் எண்ணைப் பார்த்தவர்கள் நாடியில் விரல் வைத்திருந்தால் அன்றைக்கே விஷயம் தெரிந்திருக்கும். கொடுத்தது மெட்டோப்ரோலால், அட்டெனலால் வகை மாத்திரையாக இருந்தால் எரிகிற நெருப்பில் எண்ணெய்தான், அவை துடிப்பைக் குறைப்பவை. டில்டியாசெம், வெரபமில், டிகாக்சின் கூட அப்படித்தான். அதனால்தான் ஐந்து நாள் நிறுத்திப் பார்த்தார்கள். சரியான முறை.

ஆனால் ஒன்றை யாராவது கேட்டார்களா தெரியவில்லை. அப்பா கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுகிறாரா? கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய்க்குக் கொடுக்கும் டிமோலால் சொட்டும் இதே இனம்தான், கண்ணிலிருந்து மூக்குக்கு இறங்கி ரத்தத்தில் கலந்துவிடும். ஒரு தடவை ஒரு பாட்டியம்மாவுக்கு எல்லா மாத்திரையும் நிறுத்தி மூன்று நாளாகியும் துடிப்பு 38-ஐத் தாண்டவில்லை. வார்டில் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மகள் கைப்பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்துக் கண்ணில் விட்டார். 'இது மருந்து இல்ல டாக்டர், சொட்டுதான்' என்றார். அதை மாற்றிய பிறகு தானாக 60-க்கு வந்தது. இது போக, ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு, தைராய்டு எப்படி என்று பார்த்தார்களா என்றும் கேளுங்கள், பெரும்பாலும் பார்த்திருப்பார்கள்.

இதெல்லாம் இல்லையென்றால் மிச்சம் வயதுதான். முடி நரைப்பது போல அந்த வயரில் நார்த்திசு படர்ந்து, சிலருக்குச் சுண்ணாம்பும் சேர்ந்து, கரண்ட் போகிற இழைகள் மறைந்துவிடுகின்றன. இதற்கு மாத்திரை கிடையாது. ஆஸ்பத்திரியில் அட்ரோபின் ஊசி போடுவார்கள், ஐசோப்ரினலின் டிரிப் போடுவார்கள், சில இடங்களில் துடிப்பைக் கூட்டும் மாத்திரையும் எழுதுவார்கள். எல்லாம் பேஸ்மேக்கர் வைக்கும்வரை தாக்குப்பிடிக்க. குழாயை எவ்வளவு திறந்தாலும் அறுந்த வயர் ஒட்டாது.

மெஷின் இதயத்தை ஓட்டுமா? நான் இந்தப் பதிலை எழுதுவதே இந்தக் கேள்விக்காகத்தான். அப்பாவுக்கு எஸ்.ஏ. நோடு நன்றாக இருக்கிறது, நிமிடத்துக்கு 83 என்று ஒழுங்காகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அவருக்கு வைக்க வேண்டியது இரண்டு வயர் கொண்ட பேஸ்மேக்கர். ஒரு வயர் மேலறையில் இருந்துகொண்டு எஸ்.ஏ. நோடு கூப்பிடுவதைக் கேட்கும், ஏ.வி. நோடு செய்தது போலவே ஒரு கணம் பொறுத்திருந்து, இன்னொரு வயர் வழியாகக் கீழறையைத் தட்டும். அவ்வளவுதான். எத்தனை முறை துடிக்க வேண்டும் என்பதை அவருடைய சொந்த எஸ்.ஏ. நோடுதான் முடிவு செய்யும். பேத்தியைத் துரத்தினால் ஏறும், தூங்கினால் இறங்கும். மெஷின் வெறும் செய்தி கொண்டுபோகிற ஆள். ஒரு வயர் பேஸ்மேக்கர் விலை குறைவு, அது மேலறை சொல்வதைக் கேட்காது, உயிரைக் காக்கும் ஆனால் இரண்டு அறைகளும் கோர்வையாக வேலை செய்யாது, சிலருக்கு அசதியும் படபடப்பும் மிஞ்சும். அப்பா நிலையில் நான் இரண்டு வயரைத்தான் கேட்பேன். கீழறை வயரை இடது கிளையிலேயே போய்ப் பொருத்தி, பழைய பாதையிலேயே கரண்ட்டை விடுகிற முறையும் இப்போது பல இடங்களில் செய்கிறார்கள், அங்கே வசதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

உலகில் முதன்முதலில் உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டது 1958 அக்டோபர் 8, ஸ்டாக்ஹோம். ஆர்னே லார்சன் என்ற 43 வயதுக்காரருக்கு இதே ஹார்ட் பிளாக், ஒரு நாளைக்குப் பல தடவை மயங்கி விழுந்துகொண்டிருந்தார். அவர் மனைவிதான் டாக்டரையும் இன்ஜினியரையும் விடாமல் நச்சரித்துச் சம்மதிக்க வைத்தார். ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து வார்த்த மெஷின் அது, சில மணி நேரத்தில் நின்றுபோய் மாற்று வைத்தார்கள். அந்த மனிதர் இருபதுக்கும் மேற்பட்ட மெஷின்களை மாற்றிக்கொண்டு 2001 வரை இருந்தார், 86 வயது. அவருக்கு ஆபரேஷன் செய்தவரையும் மெஷின் செய்தவரையும் தாண்டி வாழ்ந்தார். பெரியப்பாவிடம் ஆமைக்குப் பதில் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

செய்முறை பெரிதாக ஒன்றுமில்லை. நெஞ்சைப் பிளப்பதெல்லாம் கிடையாது. இடது காறை எலும்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு சிரை வழியாக வயர்களை இறக்கி, தோலுக்கு அடியில் சின்னப் பையில் மெஷினை வைத்துத் தைத்துவிடுவார்கள், ஒன்றிரண்டு மணி நேர வேலை. ஷாக் அடிக்குமோ என்று பயப்பட வேண்டாம், இரண்டு மூன்று வோல்ட், அதுவும் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவாக, அவருக்குத் தெரியவே தெரியாது. நாலு முதல் ஆறு வாரம் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது, அதற்காகத் தூளியில் போட்டு அசைக்காமல் வைத்தால் தோள் இறுகிவிடும், சாதாரணமாக அசைக்கட்டும். காயத்தில் எண்ணெய் தேய்க்க வேண்டாம். செல்போனைச் சட்டைப் பையில் வைக்காமல் 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்கட்டும், இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கட்டும், மிக்ஸி, டி.வி. எதுவும் பிரச்சினை இல்லை. பேட்டரி எட்டிலிருந்து பன்னிரண்டு வருஷம் வரும், தீரும்போது வழக்கமாக மெஷினை மட்டும் மாற்றுவார்கள்.

கடைசியாக உங்கள் 48. அது தூக்கத்தில் வேகஸ் அழுத்திய பிரேக், தினமும் ஆடுகிறவர்களுக்கு வழக்கமாக இருப்பதுதான். உங்கள் 48-இல் ஒவ்வொரு துடிப்பும் மேலிருந்து வந்த உத்தரவு, எழுந்து இரண்டு மாடி ஏறினால் 120-க்கு ஓடும். அப்பாவின் 36-ஓ, மாடி ஏறினாலும் 36-தான், அதனால்தான் தலை கிறுகிறுத்தது. இதே சோதனையை அவரிடம் செய்து பார்த்துவிடாதீர்கள், உங்களுக்கு மட்டும். வயதால் வருகிற இந்த வகை பிளாக் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. மயக்கமோ மூச்சிரைப்போ இல்லாதவரை ராத்திரி வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

கிளம்பும்போது மாத்திரை அட்டைகளோடு சொட்டு மருந்து ஏதும் இருந்தால் அந்த பாட்டிலையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.